மிஸ் டெய்சி பாடிய ஞாயிற்றுக்கிழமை

கொழும்புப் பத்திரிகை ஒன்றில் போன வாரம் என் அத்தையின் படம் வந்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். எந்தக் கோஷ்டியிலும் சேராமல், எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல், தனியாகவே பாடிப் பேரெடுத்த ஜாஸ் பாடகி என்று கீழே எழுதியிருந்தார்கள். அதுவரைக்கும் சரி. கடைசி வரியில், பிறந்த தேயிலைத் தோட்டத்தை ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர் என்று ஒரு குத்து. எழுதிய மகானுக்கு அது எல்கடுவப் பக்கத்தில் எந்தத் தோட்டம் என்றுகூடத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பிள்ளை பார்த்தவள். அங்கே இசைத்தட்டில் ஓடிய இங்கிலீஷ் பாட்டெல்லாம், ஓரெழுத்துத் தெரியாமலே அவள் தொண்டைக்குள் ஏறிவிட்டன. துரை குடும்பம் சீமைக்குப் போனதும் அவளை மறுபடி மலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டே பாடுவாள்.

"ஏண்டி, வெள்ளைக்காரிச்சி ஆவி ஏதும் புடிச்சிருச்சா?" என்பார்கள் பக்கத்து நிரைப் பெண்கள்.

"புடிச்ச ஆவிய கொழுந்து பறிக்கச் சொல்லு. நான் ஒக்காந்து பாடிக்கிட்டு இருக்கேன்."

துரைமார் கிளப்பில் ஒருநாள் நடனம். கண்டியிலிருந்து வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். சமையல்கட்டில் கோப்பை கழுவப் போயிருந்த அத்தை அவர்களோடு சேர்ந்து முனக, அவர்களில் ஒருவர், கொழும்புக்கு வந்தால் ரேடியோவில் பாட வைக்கலாம் என்று விலாசம் கொடுத்துவிட்டார். அப்பாதான் அவளை மாத்தளைக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றினார். "சரிவரலன்னா திரும்பி வந்துரு. ஒம் பேரு இங்க இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

பேர் என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், இருக்கிற பேர். அது இருந்தால் வேலை உண்டு, லயத்து வரிசை வீட்டில் இடம் உண்டு, தோட்டத்து ரோட்டில் நடக்க உரிமை உண்டு. வெட்டிவிட்டால், பிறந்த காம்பிரா அறைக்கே நீ வெளியாள்.

விடியக்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் சனங்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வேலை பிரிப்பார். அத்தையின் பேர் வந்ததும் அப்பா குனிந்து, "மாத்தளை ஆஸ்பத்திரியில இருக்குதுங்கய்யா" என்பார். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் இதே பொய். எனக்கு அவமானமாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பொய் சொல்லாதே என்று அந்தச் சுவரில் எழுதியிருந்ததை முதலில் வாசித்தவனும் நானே.

ஒருநாள், யாரையோ கொண்டு எழுதுவித்த அத்தையின் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரேடியோவில் பாடுகிறாளாம். அப்பா கதவைச் சாத்தினார். "லயத்துச் சனத்துக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. கணக்கப்பிள்ளை ஐயா காதுல மட்டும் விழுந்துறக் கூடாது" என்றார். தோட்டத்தில் அவர் வீட்டில் மட்டும்தான் ரேடியோ!

ஞாயிறு பின்னேரம் அவர் ரேடியோவை ஜன்னலில் வைப்பார். நாங்கள் முற்றத்தில் நின்று சினிமாப் பாட்டுக் கேட்போம். நாலு மணிக்கு இங்கிலீஷ் பாட்டுக்குத் திருப்புவார். தனக்கு இங்கிலீஷ் புரியும் என்று எங்களுக்குக் காட்டுகிற நேரம் அது. வழக்கமாகச் சனம் கலைந்துவிடும். அன்று ஒருவரும் அசையவில்லை.

"என்னங்கடா, எல்லாருக்கும் திடீர்னு இங்கிலீசு வந்திருச்சா?"

"மழை வருமான்னு பாத்துக்கிட்டு நிக்கிறோமுங்க" என்றாள் ஒரு கிழவி.

அறிவிப்பாளர் பேசினார். அத்தையின் பேரைக் காணோம். 'மிஸ் டெய்சி' என்றார். பிறகு பாட்டு வந்தது. யாரென்று எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் வார்த்தை தீர்ந்து வெறும் சத்தமாகப் பாடுகிற இடம் ஒன்று. அங்கே அவள் எங்கள் விடியற்காலைத் தப்படியை அப்படியே வாயால் அடித்தாள். ஜங்குசக்க, ஜங்குசக்க, ஜங்கு. அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"யாருடா இந்தப் பேய்க் கத்துக் கத்துறவ?" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தத் தங்கச்சியைப் பேய் என்கிறார்கள், சிரிக்கிறாரே!

"பேய் இல்ல, எங்க அத்தை! கடுதாசி வந்துச்சு. டெய்சி இல்ல, எங்க அத்தைதான்!" என்று கத்தினேன்.

அப்பா அறைந்த அறையில் காது இரைந்தது. "சின்னப் பய ஒளறுறானுங்க. தங்கச்சி ஆஸ்பத்திரியிலதாங்க இருக்கு" என்றார். கணக்கப்பிள்ளை ரேடியோவை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

தன் பேர் செக்ரோலில் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அத்தை அதை ரேடியோவுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். கொழுந்து பறிக்கிற கைக்குப் பேர் கொடுத்தவர்கள், பாடுகிற தொண்டைக்கு ஒரு மாத லீவு கொடுத்தால் மலை சரிந்துவிடுமா? ஒருத்தி பாடுவதற்கு நோயாளியாக வேண்டியிருந்தது. இதைப் பத்திரிகைக்காரர் எழுதட்டுமே!

திரும்பிப் பார்க்காதவளாம். நாலு வருஷம் கழித்துத் தானே பாடி வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். "பேரில்லாத ஆள உள்ள விட உத்தரவில்ல" என்று வாச்சர் கேட்டிலேயே மறித்துவிட்டான். தட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி ஏது? அப்பா சாகும்வரை அது எங்கள் காம்பிராச் சுவரில் ஆணியில் தொங்கியது.

அறை வாங்கிய மறுநாள் விடியலில் நானும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை, "மீனாட்சி" என்றார். "இருக்கேங்க" என்று குரல் வந்தது. அடுத்து, "ராக்கம்மா" என்றார். அந்த இரண்டு பேர்களுக்கும் நடுவில்தான் தினமும் அத்தையின் பேர் வரும். அப்பா பதில் சொல்லக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

இனி அப்பா பொய் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.