கோல்மயர் வீட்டுச் சபீனா

தெகிவளையில் கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் நோலீன் கோல்மயரும் அவளுடைய அண்ணன் டன்ஸ்டனும் குடியிருந்தார்கள். இருவரும் கல்யாணம் கட்டவில்லை. டன்ஸ்டன் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். நோலீன் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். திருகோணமலைக்கோ கண்டிக்கோ டிரங்க் கால் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. அதில் அவளுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது.

கோல்மயர்கள், ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் வழிவந்த பறங்கியர். குடும்பத்தில் எல்லாரும் வெள்ளை, இல்லாவிட்டால் வெள்ளை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய நிறம். நோலீன் மட்டும் மாநிறத்தைவிடவும் ஒரு படி கறுப்பு. சின்ன வயதில் போட்டோ எடுக்கிற நாளென்றால் ஈனா மாமி பவுடர் டப்பாவோடு வந்து நிற்பாள். பூசி முடித்துவிட்டுக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவாள். அறுபத்தெட்டாம் ஆண்டு கிறிஸ்மஸ் படத்தில் ஒரு சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் அவளுடைய ஒரு காதும் ரிப்பனும்தான் இருக்கின்றன. நோலீன் இதையெல்லாம் மனதில் வைத்துக் குமைகிறவள் அல்ல. மாமி செத்தபோது மனம்விட்டு அழுதாள்.

அவளுக்கு அறுபத்தேழு வயதானபோது மெல்பேர்ணிலிருந்து பெரியப்பா மகன் ரொட்னி ஒரு யோசனையோடு போன் செய்தான். ஒல்லாந்துக் கம்பனியோடு இலங்கைக்கு வந்து இறங்கிய முதல் கோல்மயரை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைவிக்க வேண்டும். அவன் வீட்டு வரவேற்பறைச் சுவர் இதற்காகவே காலியாக இருக்கிறது. டிசம்பரில் வந்து எடுத்துக்கொண்டு போவான். நோலீன் நல்ல ஓவியராகப் பார்த்துப் பிடித்துத் தர வேண்டும்.

அவள் மொறட்டுவையிலிருந்து நிஹால் என்பவரைப் பிடித்தாள். தேவாலயங்களுக்குப் படம் வரைகிறவர், நாற்பது வயது, நிதானமான ஆள். அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அவளை மடக்கிவிட்டது.

"மிஸ், அந்த மனுசன் என்ன வேலை பாத்தவர்? அதைப் பொறுத்துத்தான் கோட்டு."

"ரொட்னி கப்டன் எண்டு சொல்லுறான்."

"எழுத்திலே இருக்குதோ?"

எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க, பறங்கியர் சங்கத்து நூலகத்துக்கு பஸ் ஏறினாள். வம்சாவளிப் புத்தகத்தில் கோல்மயர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் வரியே போதுமானதாக இருந்தது. ஜோஹன் கோல்மயர், கம்பனியில் பீப்பாய்த் தச்சன். 1761இல் காலி நகரில் மணந்தது சபீனா, காலியைச் சேர்ந்தவள். அவ்வளவுதான். சபீனாவுக்குத் தகப்பன் பேரும் இல்லை, குடும்பப் பேரும் இல்லை. ஒல்லாந்துக்காரியாக இருந்திருந்தால் பாட்டன் பூட்டன் வரைக்கும் எழுதியிருப்பார்கள். ஆக, உள்ளூர்க்காரி. நோலீன் அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரமே ரொட்னிக்குப் போன் போட்டாள்.

"பீப்பாய் செய்யிறவனா?" என்று அலறினான் அவன். "நோலீன், நான் இங்க எல்லாருக்கும் கப்டன் எண்டெல்லோ சொல்லி வச்சிருக்கிறன்!"

"பீப்பாய் இல்லாட்டி உன்ர கப்டன் எதிலேயிருந்து குடிச்சிருப்பான்? சும்மா இரு மனுசா. இன்னொண்டு, பெண்சாதியையும் படத்திலே சேத்துத்தான் கீறப் போறம்."

"அவளின்ர மூஞ்சி எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்? விட்டிடு."

"ஜோஹன்ர மூஞ்சி மட்டும் உனக்குத் தெரியுமோ? அதுக்கு டன்ஸ்டனை நிப்பாட்டிக் கீறப் போறம். அவருக்கெண்டால் கோல்மயர் மூக்கு நல்லா இருக்குது."

ரொட்னி வாதாடிப் பார்த்தான். முப்பத்தொரு வருஷம் அவசரக்காரர்களை வரிசையில் நிற்க வைத்தவளிடம் அது எடுபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை டன்ஸ்டன் நாடகக் கம்பனியில் வாடகைக்கு எடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பழைய பீப்பாய் ஒன்றில் கைவைத்து நின்றார். வியர்வை ஆறாக ஓடியது. ரயில் போகும்போதெல்லாம் வீடு அதிர, நிஹால் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

"எஞ்சினுக்குள்ள இதைவிடக் குளிரா இருக்கும்" என்று டன்ஸ்டன் முனகினார். "இந்த உடுப்போட அந்த மனுசன் எப்பிடி மரம் இழைச்சிருப்பான்?"

"கழட்டி வச்சிட்டுத்தான் இழைச்சிருப்பான். அவனுக்காவது மூளை இருந்திருக்கும்" என்றாள் நோலீன்.

மூன்றாவது சனிக்கிழமை டன்ஸ்டனை வரைந்து முடிந்துவிட்டது. படத்தில் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. நோலீன் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது நிஹால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்களே நில்லுங்கோவன்."

"எனக்கென்ன விசரா? இந்தக் கிழட்டு மூஞ்சியையா?"

"வயசைக் குறைக்கிறது என்ர வேலை. நிறமும் கண்ணும் உங்களிட்டத்தான் இருக்குது."

அவள் உள்ளே போனாள். பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தது உண்மை. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, முகத்தை மட்டும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒன்றரை மணி நேரம் நின்றாள். அவ்வளவு நேரம் ஒருவர் தன் முகத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கடைசியில், முடிந்துவிடப் போகிறதே என்றிருந்தது.

டிசம்பரில் ரொட்னி மனைவி ஷெரிலோடு வந்தான். படத்தின் மேல் கிடந்த சீலையை நோலீன் இழுத்தாள். பீப்பாயில் கைவைத்தபடி மூக்கு நீண்ட ஒருவன். அவனுக்குச் சமமாகப் பக்கத்தில், வெள்ளை ரவிக்கையும் இடுப்பைச் சுற்றிக் கம்பாயத் துணியும் உடுத்த கறுத்த இளம்பெண், நேராகப் பார்த்துக்கொண்டு.  ஷெரில்தான் முதலில் பேசினாள்.

"ரொட்னி, இந்தக் கண்ணைப் பாருங்கோ. எங்கட சின்னவள் கோவிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரியே இல்லையோ?"

"நிறம் கொஞ்சம் கூடிப்போச்சுதோ?" என்றான் ரொட்னி மெதுவாக.

"உன்ர காதுக்குப் பின்னால பார், அங்கயும் இதே நிறம்தான்" என்றாள் நோலீன்.

டன்ஸ்டன் வெடித்துச் சிரித்தார். ரொட்னியும் சிரித்துவிட்டான். கிறிஸ்மஸுக்குச் சுட்ட புரூடர் ரொட்டியை வெண்ணெயும் சீஸும் வைத்து நான்கு துண்டு தின்று முடிக்கும் வரைக்கும் படத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது, "அந்தப் பெட்டையின்ர பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லு. பித்தளைத் தகட்டிலே இரண்டு பேரையும் அடிக்க வேணும்" என்றான்.

படம் சுருட்டப்பட்டு மெல்பேர்ண் போனது. ஈஸ்டருக்கு அவன் வீட்டில் கூட்டம் கூடியபோது வீடியோ அழைப்பில் காட்டினான். சுவர் நிறையப் படம். அதன் முன்னால் நின்று ரொட்னி யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்: சபீனா காலியில் உள்ளூர்த் தலைவராக இருந்த ஒரு பெரிய முதலியாருடைய மகள், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் கட்டியவள்.

"கேட்டியோ இவன்ர கதையை! சொல்லு அவனுக்கு" என்றார் டன்ஸ்டன்.

நோலீன் திரையில் தெரிந்த சபீனாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லட்டும் விடு" என்றாள். "பாக்கவும் அப்பிடித்தான் இருக்கிறாள்."