பெரட்டில் பதில் சொன்ன பழைய செர்வர்

போன வருஷம் தீபாவளிக்கு முந்தைய மாதம் மலேசியாவில், ஈப்போவில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாதி என் முதலாளி மேல், பாதி என் மேலேயே.

நாங்கள் நாலே பேர் வேலை செய்யும் சின்ன கணினி நிறுவனம். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்யும் ஒரு மையத்தின் வேன் பட்டியலைக் கவனிப்பது நாங்கள்தான். யாரை எந்த வீட்டில் போய் ஏற்ற வேண்டும் என்பது டிரைவரின் கைப்பேசியில் வரும். பட்டியல் இருக்கும் செர்வர் கிளவுட்டில் வாடகைக்கு எடுத்தது. அதை மாற்றும்போதெல்லாம் அதன் எண்ணும் மாறிவிடும். கைப்பேசிக்கோ செர்வரின் பெயர் மட்டும்தான் தெரியும். இணையப் பதிவில் அந்தப் பெயருக்கு நேரே புது எண்ணை எழுதாவிட்டால், அது பழைய செர்வரிடமே போய்க் கேட்கும்.

எண் தானாக மாறும்படி நான் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். விடியற்காலையில் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தால் ஒரு ஆளும் தப்ப முடியாதாம். அதனால் எங்கள் ஆபிஸிலும் பெரட்டு. தினமும் காலையில் செர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வந்தால் வாட்சாப் குழுவில் 'பெரட்டு ஓகே' என்று போட வேண்டும். நானும் சிரித்துக்கொண்டே போட்டு வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை புது செர்வருக்கு மாறினோம். மையத்து ஆபிஸ் கணினியில் புது எண்ணை நானே போட்டுக் கொடுத்தேன். பெயருக்கு நேரே எழுத மட்டும் மறந்துவிட்டேன். பழைய செர்வரை நிறுத்தவும் இல்லை. புதன் காலை பெயரைக் கூப்பிட்டேன், பதில் வந்தது, 'பெரட்டு ஓகே' போட்டேன். பதில் சொன்னது பழைய செர்வர்.

அந்தச் செவ்வாய் மாலைதான் ஒரு நோயாளி அக்கா தோட்டத்து வீட்டைக் காலி செய்து, புந்தோங்கில் மகன் பிளாட்டுக்கு வந்திருந்தார். மையம் புது விலாசத்தைப் பதிந்தது. அது புது செர்வரில் போய் உட்கார்ந்துகொண்டது. டிரைவர் அண்ணன் பழைய பட்டியலைப் பார்த்துத் தோட்டத்துக்கு ஓட்டினார். பூட்டிய வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார். அங்கே போன் லைன் கிடையாது. அக்கா புந்தோங்கில் பிளாட்டின் கீழே பையோடு காத்திருந்தார். ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதற்குள் மையத்தில் அவருடைய சிகிச்சை நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. மாலையில்தான் இடம் கிடைத்தது. அதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சே வரவில்லையாம்.

மையத்திலிருந்து போன் வந்ததும் தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயருக்கு நேரே புது எண்ணை எழுதிவிட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர் மையத்துக்குப் போன் போட்டு, டிரைவர் பட்டியலைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். நான் குறுக்கே பேசப் போனேன்.

"நீ சும்மா இருலா. கான்ட்ராக்ட் போயிடும்."

நானும் சும்மா இருந்தேன். மறுநாளே மையத்தில் டிரைவர் அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவர் நேரே எங்கள் ஆபிஸுக்கு வந்து கைப்பேசியில் புதன்கிழமைப் பட்டியலைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"இதப் பாரு தங்கச்சி. தோட்டத்து வீடுன்னுதானே போட்டிருக்கு? எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை காலை முதலாளியைக் கேட்காமல் மையத்துக்குப் போனேன். நல்ல மனசில் போனேன் என்று சொல்ல மாட்டேன், ஆத்திரத்தில்தான் போனேன். சிகிச்சை அறையில் நின்றிருந்த மேலாளரிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். புதன் காலை பதில் வந்ததே, நான் பெரட்டு ஓகே என்று போட்டேனே என்று என் தரப்பையும் அசடு மாதிரி சொன்னேன். பக்கத்து நாற்காலியில் கையில் குழாயோடு படுத்திருந்தவர் அந்த அக்கா. அவர் முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தினமும் பெரட்டில் நின்றவர்.

"பெரட்டுல சத்தம் வந்தா போதுமா? எந்த ஆளு சத்தம் குடுத்தான்னு மூஞ்சியப் பாக்க வேணாமா?" என்றார்.

டிரைவர் அண்ணன் மறுநாளே வேலைக்குத் திரும்பினார். கான்ட்ராக்டும் போகவில்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியமே நான் பழைய செர்வரை நிறுத்திவிட்டு, யாரையும் கேட்காமல் என் புரோகிராமை ஓட விட்டேன்.

இன்றும் குழுவில் யாராவது 'ஓகே' என்று போட்டால், பதில் சொன்னது எது என்று எழுந்து போய்ப் பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்குவதில்லை.