டாரிலுக்குப் போட்ட கீரை

கிளெனிஸ் மாக்லின் இருக்கும் இடத்தில் எந்த உயிரும் பட்டினி கிடந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் லீட்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சிற்றுண்டிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்கள் அவளுடையவை. மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "ஏய், இது கருகிப்போச்சு, விக்க முடியாது, தின்னுட்டு ஓடு" என்று, துளியும் கருகாத சீஸ் ரொட்டியை அதன் கையில் திணிப்பாள்.

வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத் தோட்டம். அதில் மற்றதெல்லாம் வரும், போகும். சில்வர்பீட் கீரை மட்டும் வருஷம் பூராவும் நிற்கும். வெள்ளைத் தண்டு, யானைக் காது மாதிரி கரும்பச்சை இலை. அந்தப் பக்கத்தில் அந்தக் கீரை இல்லாத கொல்லையே கிடையாது. ஆனால் கிளெனிஸின் கீரைக்கு ஒரு தனி மினுமினுப்பு. கணவன் குவீன்ஸ்லாந்துக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டபோது மகள் டாலியாவுக்கு ஒன்பது வயது. அந்த ஒற்றைப் பெண்ணை அந்தக் கீரையை வேக வைத்து, மசித்து, முட்டையில் போட்டு, ஊட்டி ஊட்டித்தான் அவள் ஆளாக்கினாள்.

ஊட்டி வளர்த்த உடம்பைப் பத்தொன்பது வயதில் ஐஸ் என்கிற போதைப்பொருள் தின்னத் தொடங்கியது. அடுத்த ஐந்து வருஷத்தை ஒரு தாயால் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு முறை சிட்னிப் பக்கத்து மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தாள். இரண்டு முறையும் இரண்டாம் மாதமே டாலியா வெளியே நடந்துவிட்டாள். மூன்றாம் முறை, பிப்ரவரி மாதத்து வெயிலில், அவளாகவே பெட்டியைக் கட்டினாள். கட்டியவள் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தொட்டிக்குள் டாரில். முழங்கை நீளத்துக்கு ஒரு தாடி ஓணான். கோபம் வந்தால் தொண்டை முள்ளெல்லாம் சிலிர்த்து, தாடி கறுத்துவிடும். டாலியாவைக் கண்டால் மட்டும் கறுக்காது. அவள் நெஞ்சில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். அவளுடைய எத்தனையோ சிநேகிதர்கள் வந்தார்கள், திருடினார்கள், போனார்கள். அவளை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

"இவனுக்காகத்தாம்மா திரும்பி வருவேன். ஆறு மாசம் முழுசா இருந்துட்டு வருவேன்."

"நான் பாத்துக்கறேன் கண்ணு."

"பூச்சியப் பிடிச்சு அப்படியே போட்டுடாத. கடையிலேர்ந்து வர்ற சுவர்க்கோழி வயித்துல ஒண்ணுமே இருக்காது, வெறும் தோலுதான். ஒரு நாள் பூரா அதுக்கு நல்லாத் தின்னக் குடு. அது வயிறு ரொம்பினப்புறம் இவனுக்குப் போடு. அது தின்னதுதான் இவனுக்கு உள்ள போகும்."

"என்ன குடுக்கணும்?"

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. டாலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் அவள் போகமாட்டாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"காய்கறி, கீரை... ஊருக்கே சோறு போடறவ நீ. உனக்குத் தெரியாததா?"

அவ்வளவுதான் சொன்னாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

கிளெனிஸ் அந்த வேலையை ஒரு நோன்பு மாதிரி எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, அதில் சுவர்க்கோழிகளைக் குடிவைத்தாள். காலையில் கொல்லையில் இருக்கும் கீரையிலேயே இளசான இலையாகப் பறித்து, கழுவி, துடைத்து, பொடியாக நறுக்கி உள்ளே போடுவாள். பூச்சிகள் மொய்த்துத் தின்னும். மறுநாள் பத்துப் பன்னிரண்டை ஒரு பையில் உதறி, ஓட்டம் குறைய ஐந்து நிமிஷம் குளிர்பெட்டியில் வைத்து, டாரிலின் முன்னால் விடுவாள். மிஞ்சின கீரையை அவன் தட்டிலும் வைப்பாள்.

பக்கத்து வீட்டு கிளைவ் ஸ்ட்ராங் வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்மா கிளெனிஸ், அடுத்த பிறவியில நான் உன் வீட்டுச் சுவர்க்கோழியாப் பொறக்கறேன். என் பொண்டாட்டி டின்னைத் திறந்து அப்படியே தட்டுல கொட்டறா."

"பொறந்தா ரெண்டே நாள்தான் கிளைவ். மூணாம் நாள் டாரில் வாயில இருப்பீங்க."

"பரவாயில்ல. ரெண்டு நாளாவது மனுசன் மாதிரி சாப்பிடுவேன்ல?"

டாலியா ஒரு வெள்ளைப் பொடி டப்பாவும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பூச்சிமேல் தூவ வேண்டிய சுண்ணாம்புச் சத்து. இரண்டாம் மாதம் அது தீர்ந்தது. பொடியைப் பார்த்தாலே கிளெனிஸுக்கு ஒரு கசப்பு. அந்த வீட்டில் ஒளித்துவைத்திருந்த எத்தனை பொடிகளை அவள் தேடி எடுத்துக் கொட்டியிருப்பாள்! அவன் எலும்புக்கு நம்ம கீரையை விடவா ஒரு தூள் செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு டப்பா வாங்கவில்லை. பதிலாக, கீரையைக் கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இல்லத்திலிருந்து தொலைபேசி வரும். பதினைந்து நிமிஷம்.

"அவன் சாப்டானா?" அதுதான் முதல் கேள்வி.

"அம்மா செத்தாளா இருக்காளான்னு கேக்கறதில்ல. ஓணான் சாப்டானாம்!"

"நீ பேசறியே, அப்ப இருக்கன்னுதான அர்த்தம்? அவனால பேச முடியாதுல்ல?"

டாலியா சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு கிளெனிஸ் ஒரு வாரத்தை ஓட்டுவாள். மூன்றாம் மாதம் தாண்டியது. நாலாவதும் தாண்டியது. மகள் இவ்வளவு நாள் எங்குமே நின்றதில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, டாரிலின் விரல்கள் தானாகத் துடித்தன. குளிர்காலமாயிற்றே, குளிராக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு பின்னங்கால்கள் இழுபட்டன. நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிப்பான், மெல்ல முடியாமல் விட்டுவிடுவான். சுவர்க்கோழி அவன் முதுகின்மேலேயே ஏறி நடந்துபோயிற்று. அந்த வாரம் தொலைபேசியில் "நல்லாச் சாப்பிடறான்" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, டாரிலைச் சுடுநீர்ப் பை சுற்றிய துண்டில் கிடத்தி, வாகா வாகா ஊருக்கு ஒன்றரை மணிநேரம் வண்டி ஓட்டினாள். அங்கே ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் இருந்தாள். கார்மோடி என்று பெயர். சின்ன வயசு, நிதானமான கை. டாரிலின் தாடையை இரண்டு விரலால் மெல்லத் தொட்டாள். தாடை ரப்பர் மாதிரி வளைந்தது.

"தொட்டிக்கு மேல எரியற வெயில் விளக்க மாத்தினீங்களா?"

"புதுசு டாக்டர். இந்த மார்ச்சுலதான் மாத்தினேன்."

"பூச்சிங்களுக்கு என்ன தின்னக் குடுக்கறீங்க?"

கிளெனிஸின் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்ததே, அதை என்னவென்று சொல்வது!

"கடைச் சரக்கே கிடையாது டாக்டர். எல்லாம் என் கொல்லையில விளைஞ்ச சில்வர்பீட். தினமும் புதுசாப் பறிச்சு, கழுவி..."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான். ஏன்?"

"அந்தக் கீரையில ஒரு அமிலம் இருக்கு. உள்ள போற கால்சியத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கும், உடம்புல சேர விடாது. மனுசங்களுக்கு அது அவ்வளவா ஒண்ணும் செய்யாது. பூச்சி வயித்துலயும் அதுவே, தட்டுலயும் அதுவே, மேல தூவற பொடியும் இல்லன்னா... இவன் உயிரோட இருக்கத் தன் எலும்பையே கரைச்சுத் தின்னிருக்கான்."

எடுத்த எக்ஸ்ரே படத்தை ஒளியில் காட்டினாள். எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் புகையாக இருந்தது. தாடை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. முதுகும்.

"ஊசி போட்டா?"

"ஒரு மாசம் முன்ன வந்திருந்தா போட்டிருப்பேன். இப்ப வலியோட நாளக் கடத்தறதுதான். வலியில்லாம ஒரேயடியாத் தூங்க வெச்சுடலாம். ஆனா வளர்க்கற உரிமம் உங்க பொண்ணு பேர்ல இருக்கு. அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். திங்கக்கிழமை கொண்டுவாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் கிளெனிஸ் அழவில்லை. கொல்லைக்குப் போனாள். மண்வெட்டியை எடுத்தாள். ஒரு செடி விடாமல் வெட்டிச் சாய்த்தாள். கிளைவ் வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு நாலு மணி. வலிக்குக் கொடுத்த மருந்தில் மயங்கிய டாரிலை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தாள்.

"அவன் சாப்டானா?"

"கண்ணு... அவனுக்கு உடம்பு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"காலு இழுத்துக்கிச்சு. எலும்பு... டாக்டர்கிட்டப் போனேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க? அம்மா! என்ன சொன்னாங்க?"

"கஷ்டம்னுதான்..."

"நான் நாளைக்குக் காலைல கிளம்பறேன். நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாத. அவன் என்னத் தேடுவான்."

"இன்னும் அஞ்சு வாரம்தானடி பாக்கி! கதவத் தாண்டிட்டா அவங்க திரும்பச் சேத்துக்க மாட்டாங்க!"

"அவன் சாகக் கிடக்கான், நான் இங்க வட்டமா உக்காந்து கதை பேசிட்டிருக்கணுமா? வரேன்னா வரேன்!"

பேருந்து நிலையம், அங்கே காத்திருக்கும் பழைய முகங்கள், மறுபடி அந்தக் குழி விழுந்த கன்னம். எல்லாம் ஒரு நொடியில் கிளெனிஸின் கண்முன் வந்து போயின. அவள் வருவதற்கு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டால் அங்கேயே இருப்பாள் அல்லவா? அந்தத் தாய் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

"வராத கண்ணு. அவன் போயிட்டான். இன்னிக்குக் காலைலயே."

மடியில் டாரில் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

கத்துவாள், திட்டுவாள் என்று கிளெனிஸ் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"சுவர்க்கோழிக்கு என்னம்மா போட்ட?"

"கீரைதான்."

"எந்தக் கீரை?"

கிளெனிஸ் சன்னல் வழியே, வெட்டிச் சாய்த்த கொல்லையைப் பார்த்தாள்.

"நம்ம கொல்லையில இருக்கறதா?"

"தெரியாம..."

"எனக்குத் தெரியுமேம்மா! அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். என் அவசரம், என் பாழாப்போன அவசரம்... நான்தான் கொன்னேன்."

"இல்லடி! நான்தான்! நான்தான் கண்ணு!"

"விடும்மா. நான் தொட்டது எது உருப்பட்டுச்சு?"

"டாலியா, கேளு, அம்மா சொல்றதக் கேளு..."

பதினைந்து நிமிஷம் முடிந்திருந்தது. தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். தொலைபேசி காலியாக இல்லை, பிறகு கூப்பிடுங்கள் என்று ஒரு பதிவுக் குரல் மட்டும் சொன்னது.

திங்கட்கிழமை வாகா வாகாவில், "பொண்ணு சரின்னுட்டா டாக்டர்" என்றாள். அது அவளுடைய மூன்றாவது பொய். ஊசி இறங்கும்போது டாரிலின் தாடி கறுக்கவே இல்லை. அங்கிருந்தே இல்லத்துக்குப் பேசினாள். டாலியா பேச வர மறுக்கிறாள், ஆனால் சாப்பிடுகிறாள், கூட்டத்தில் உட்காருகிறாள் என்றார்கள். சாப்பிடுகிறாள் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. நாலே கால் ஆயிற்று. நாலரைக்கு அவளே அடித்தாள். ஏட்ரியன் என்கிற பணியாளர் எடுத்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புதன்கிழமையே போயிட்டாங்க, கிளெனிஸ். காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்களாக் கேக்கறதால சொல்றேன்."

"ஏன்னு ஏதாவது சொன்னாளா?"

"தடுத்துப் பாத்தோம். இனிமே யாருக்காக முடிக்கணும்னு கேட்டாங்க."

நான் இருக்கிறேனே என்று கிளெனிஸ் சொல்ல நினைத்தாள். அதை யாரிடம் சொல்வது?

"எங்க போனா?"

"தெரியல. போனை இங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க. பெட்டி, துணிமணி எல்லாம் இருக்கு. உங்க முகவரிக்கு அனுப்பிடட்டுமா?"

கிளெனிஸ் போய்க் காலித் தொட்டியின் மேலிருந்த விளக்கை அணைத்தாள்.

"வேணாம்" என்றாள். "அங்கயே இருக்கட்டும். இங்க வர மாட்டா. ஒருவேளை துணிக்காக உங்ககிட்ட வந்தாலும் வருவா."

"சரி, வெச்சிருக்கோம்."

"வந்தா, முதல்ல ஏதாவது சாப்பிடக் குடுங்க ஏட்ரியன்" என்றாள். அவர் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டார். "எனக்குத் தெரியல, அவளையே கேளுங்க" என்றாள்.