மாமனார் படித்துச் சொன்ன எண்கள்

திருவொற்றியூர் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான் இருந்தது. பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து நானே ஏற்றியது. அதில் எனக்கு இருந்த பெருமையில் பாதிகூட என் மனைவிக்கு இல்லை.

ஒரு ஞாயிறு காலை அவள் தம்பி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்தான். மீன்பிடித் தொழில் வேண்டாமென்று சரக்குக் கப்பலுக்குப் போனவன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் என் மாமனார் அந்தக் கோபத்தில் ஒன்றரை வருடமாக அவனோடு பேசவில்லை. "மாமா மெயிலுக்கு போட்டோ அனுப்சிகிறேன். நைனாகிட்ட காட்டு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

தகவல் போன அரை மணி நேரத்தில் மாமனார் வந்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பிரவுசரைத் திறந்தேன். சர்வரைக் காணோம் என்றது. எந்தத் தளத்தைக் கேட்டாலும் அதே பதில். மோடத்தின் விளக்குகளோ ஒழுங்காக எரிந்தன. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். என் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பட்டனே இல்லை.

கூட வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். ஒரு சர்வரின் எண்ணைத் தருகிறேன், அடித்துப் பார் என்றான். டெலிபோன் வயர் மேஜை வரை எட்டாது. மாமனார் எழுந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"இரு தலைவா, மெதுவா சொல்லு" என்று அவனை அதட்டிவிட்டு, எண்களையும் புள்ளிகளையும் உரக்கப் படித்தார். அடித்தேன். பதில் வரிசையாக வந்தது.

"அப்ப லைன் நல்லாத்தான் கீது, இல்ல மாப்ள?"

"நல்லா இருக்கு மாமா. நம்பர் போட்டா போகுது, பேர் போட்டா போகல. பேருக்கு நம்பர் எடுத்துக் குடுக்க வேற ஒரு சர்வர் இருக்கு. அதுதான் பதில் பேச மாட்டேங்குது."

"பேச மாட்டேங்குதா" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சர்வரின் முகவரி ஒரு சின்னக் கோப்பில் இருந்தது. அதை அழித்து, நண்பன் சொன்ன வேறொரு சர்வரின் எண்ணை எழுதினேன். தளம் திறந்தது. கடவுச்சொல் அடிப்பதற்குள் கரண்ட் போனது.

இருபது நிமிடம் கழித்து வந்தபோது கோப்பில் பழைய முகவரியே இருந்தது. மறுபடி நண்பன், மறுபடி மாமனார் கையில் ரிசீவர். ஒவ்வொரு தடவையும் மோடம் அந்தப் பழைய எண்ணைக் கொடுக்க, லினக்ஸ் நான் எழுதியதை அழித்து அதை எழுதிக்கொள்கிறது என்று புரிந்தது. மோடம் சொல்வதை ஏற்காதே என்று இன்னொரு கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அணைத்துப் போட்டும் பார்த்தோம். நான் எழுதிய எண் அப்படியே நின்றது.

மெயிலைத் திறந்ததும் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம், பிறகு தொப்பி, பிறகு முகம். ஆரஞ்சு உடையில் கப்பல் மேல்தளத்தில் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கறுத்துட்டான்" என்றார் மாமனார்.

"கடல்ல இருந்தா கறுக்காம?" என்றாள் என் மனைவி.

அவர் நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாப்ள, இதுலயே பதிலு எழுதலாமா?"

"சொல்லுங்க மாமா, அடிக்கிறேன்."

"துன்னியான்னு கேளு" என்றார். "நைனா கேட்டாருன்னு போடு."