மரியம் அக்கா காருக்குச் சக்கரம் பார்த்த கதை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காரை எல்லாரும் நின்று பார்ப்பார்கள், டயர்க் கடைக்காரன் மட்டும்தான் படுத்துப் பார்ப்பான். இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் கடை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து "எப்போ முடியும்" என்று கேட்டுச் சலித்தவர்கள் நீங்கள்; பதில் சொல்லிச் சலித்தவன் நான். நமக்குள் ஒளிவு மறைவு என்ன.

கெலுகோரில் ரொட்டிக் கடை நடத்துகிறவர் மரியம் அக்கா. என்னைவிட இளையவர்தான், ஊரே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அவருடைய அத்தா விட்டுப்போன பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் கடைக்குப் பின்னால் நின்றது. இன்ஜினை அக்கா சரிபண்ணிவிட்டார். ஆனால் ரிம் நாலும் துரு, டயர் நாலும் வெடிப்பு. வீட்டுக்காரர் காதர் பாய்க்கு அந்த இடத்தில் மேசை போட ஆசை. கடல் பாலத்துக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கிற கான்ட்ராக்டர் ஒருவர் காருக்கு விலையும் பேசிவிட்டார். சனிக்கிழமைக்குள் ஓடினால் கார் அக்காவுக்கு, ஓடாவிட்டால் கான்ட்ராக்டருக்கு என்று புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு.

பிரிக்காத டயர்

அந்தக் காலத்து அளவில் இப்போது டயர் கிடைப்பது பெரும்பாடு. சுங்கை பாக்காப்பில் ஒரு கடை ஸ்டோரில் ஒரு செட் அகப்பட்டது. சுற்றின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. கறுகறுவென்று மின்னியது. ஜெயித்துவிட்டேன் என்று அக்காவின் கடைக்குத் தூக்கிப் போனேன்.

அக்கா விலை கேட்கவில்லை. மாவை அமுக்குகிற மாதிரி கட்டைவிரலால் டயரை அமுக்கினார். பிறகு பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். டயருக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. "ஓடலேன்னாலும் வயசாகும்லா அண்ணே. நேத்துப் போட்ட ரொட்டிய நான் இன்னிக்கு விக்கிறதில்ல."

பெரிய ரிம்

கான்ட்ராக்டர் ஒருநாள் ரொட்டிக் கடைக்கே வந்துவிட்டார். கார் தன் கைக்கு வந்ததும் பெரிய ரிம் போடப்போவதாகவும், இந்தக் காருக்கு அதுதான் அழகு என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சபலம். என் கடையில் கிடந்த பெரிய ரிம்மைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கைப் பாதி திருப்புவதற்குள் டயர் மட்கார்டில் போய் இடித்தது. காதர் பாய் தள்ளி நின்று பார்த்தார். "என்ன மரியம், கார் கேட்டா கொக்கு வாங்கி நிறுத்தியிருக்கே?"

மாவு

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பழசைவிட ஓர் அங்குலம் பெரிய ரிம், அதில் பக்கவாட்டுச் சுவர் குட்டையான புது டயர். மொத்த உயரம் பழசேதான். ரொட்டிக் கடையில் நிற்கும்போது சக்கரம் தங்கமாகச் சுற்றியது. தெருவில் முதல் மேட்டில் ஏறி இறங்கியதும் 'கரக்' என்று ஒரு சத்தம். எங்கே உரசுகிறது? ஓடுகிற காருக்கு அடியில் எப்படிப் படுப்பது? நான் கையை விரித்துவிட்டேன்.

அக்கா உள்ளே போய், எண்ணெய் தடவாத ரொட்டி மாவைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம் நாலு இடத்திலும் உருண்டை உருண்டையாக ஒட்டினார். பக்கத்து சீட்டில் காதர் பாயை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளம் ஒன்று விடாமல் சுற்றி வந்தார். பார்த்தால், மூன்று பக்கம் மாவு அப்படியே இருக்கிறது. பாய் உட்கார்ந்த பக்கம், முன்சக்கரத்து மாவில் மட்டும் டயரின் வரி அச்சாக விழுந்திருக்கிறது. டயரின் வெளி ஓரம்தான் உரசல். ஒரு சுற்று ஒல்லியான டயர் நாலு எடுத்து மாட்டினேன். மறுபடி மாவு, மறுபடி பாய், மறுபடி சுற்று. நாலு உருண்டையும் வைத்தது வைத்தபடி. என்னை ஏற்றினதுக்கு ரெண்டு மூட்டை மாவை ஏற்றியிருக்கலாமே என்று பாய் முனகினார். "மூட்டை உங்க அளவுக்கு ஆடாது மச்சான்" என்றார் அக்கா.

சனிக்கிழமை

கார் தூக்கும் லாரியோடு வந்து இறங்கினார் கான்ட்ராக்டர். கார் உறுமிக்கொண்டு நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது பாலம் தாண்டாது என்றார். அக்கா, பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து, அவரை ஏறச் சொன்னார். காலி லாரி பின்னால் வர, மூச்சுவிடாமல் பாலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். தன் வீட்டு வாசலில் இறங்கி நின்று கான்ட்ராக்டர் கேட்டாராம்: "கார் கிடக்கட்டும் அக்கா, இந்த டயர் எந்தக் கடையில போட்டீங்க?"

கார் வாங்க வந்தவரை அதே காரில் வீட்டில் இறக்கிவிட்டு, பாலத்தில் தீவுக்குத் திரும்புகிற பக்கம்தான் டோல் கட்டணம் என்பதால், அவருடைய டோல் கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் மரியம் அக்கா.