சமயபுரத்தில் நான் அடித்த மனிதர்

எட்டு வருஷம் குவைத்தில் பிளம்பர் வேலை பார்த்துவிட்டுக் காட்டூருக்குத் திரும்பிய மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு சமயபுரம் போனேன். நல்ல கூட்டம். மனைவி வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் வாங்கத் திரும்பினேன். அதற்குள் மகளைக் காணவில்லை.

கால் மணி நேரம் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினோம். பஸ் நிற்கிற பக்கம் ஒரு ஆள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார். அவள் வீறிட்டு அழுதாள்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். மகளைப் பிடுங்கி மனைவியிடம் தள்ளிவிட்டு, அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினேன். அவர் ஏதோ சொன்னார். மறுபடியும் குத்தினேன். "புள்ள புடிக்கிறவன்டா" என்று யாரோ கத்த, கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தர் ஹெல்மெட்டால் தலையில் அடித்தார். கீழே விழுந்தவரின் விலாவில் இன்னொருத்தர் மிதித்தார். சட்டை முழுக்க ரத்தம்.

அவர் இந்தியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். இவள் அப்பாவைத் தேடுகிறேன், போலீஸிடம்தான் கொண்டு போகிறேன் என்று. எனக்கு இந்தி தெரியும். குவைத்தில் இந்தி பேசுகிற நேபாளிகளோடு ஒரே ரூமில் தங்கிக் கற்றுக்கொண்டது. அரபி புரியாமல் வேறு வால்வைத் திறந்துவிட்டதற்காக அங்கே ஒரு சூப்பர்வைசர் என்னைப் பைப்பால் அடித்திருக்கிறான். எதற்கு அடிக்கிறாய் என்று கேட்கக்கூட அன்று எனக்கு வார்த்தை இல்லை. இங்கே இவருக்கு வார்த்தை இருந்தது. என் காதிலும் விழுந்தது. ஆனாலும் இரண்டாவது குத்தை நான் நிறுத்தவில்லை.

அவர் சட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான், "விடுங்க, அவர் திருடலைங்க, நான்தான் புள்ளைக்கு அப்பா" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவர்மேல் குப்புற விழுந்து படுத்தேன். முதுகில் மிதி விழுந்தது. ஒரு கட்டை என் தோளில் இறங்கியது. போலீஸ் வந்த பிறகுதான் ஓய்ந்தது. முதலில் அடித்தது நான்தான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நேபாளக்காரர். கோயில் பக்கம் ஒரு லாட்ஜை ஒட்டிய ஹோட்டலில் சமையல் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உதட்டில் தையல், இரண்டு பல் போயிருந்தது. இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான் சொன்னது புரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "புரிஞ்சுது" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நாளில் ஊருக்கே போய்விட்டதாக ஹோட்டல்காரர் சொன்னார்.

அந்த மாமா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார் என்று மகள் சொன்னாள். ரொம்ப நாள் வரைக்கும், நான் தூக்கப் போனால் அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.