குழிப் பக்கம்

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிடுகிறேன். வாசனையை வைத்துத்தான் சொல்ல முடியும். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

தலைமையாசிரியர் இருந்தார், விபூதி, மூக்குப்பொடி. கம்பெனி மேனேஜர் இருந்தார். சென்ட், அதற்கு அடியில் சமோசா எண்ணெய். அதே கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஷீலா மேடம். மல்லிகைப்பூ, மார்க்கர் பேனா. போட்டோக்காரர், சிகரெட். என் வகுப்புத் தோழி ரேவதி, தேங்காய் எண்ணெய். என் அம்மா, கருவாடு. எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாலும் கருவாடுதான். ஏழாவது ஆள் நான். மேசை மேல் ஒரு புத்தகம் இருந்தது. புது பிளாஸ்டிக்கும் மெஷின் ஆயிலும் கலந்து நாறியது. அந்த நாற்றம் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

ஒன்பதாவது முடித்துவிட்டுப் பத்தாவதுக்குக் காத்திருந்த கோடை அது. ஐந்தாவது வரை சென்னையில் கண் தெரியாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் இருந்தேன். பிரெய்ல் அங்கே கற்றது. ஆறே புள்ளி, இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. எல்லா எழுத்தும் அதற்குள் அடங்கும். பிறகு வீட்டோடு இருக்கட்டும் என்று அம்மா கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டி வந்துவிட்டாள். இங்கே எல்லாரும் படிக்கிற சாதாரணப் பள்ளி. பிரெய்ல் புத்தகம் கிடையாது. ரேவதி சத்தமாகப் படிப்பாள், நான் கேட்டுக்கொள்வேன். நான்கு வருடம் அப்படியே ஓடியது.

பத்தாவது என்றதும் தலைமையாசிரியருக்குப் பயம் வந்துவிட்டது. எங்களுடையது "நூறு பர்சென்ட்" பள்ளி. அதை வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை தவறினாலும் அழிக்க வேண்டும். அம்மாவை வரச் சொன்னார்.

"உன் பொண்ணு கெட்டிக்காரிதாம்மா. ஆனா காதால கேட்டுப் பத்தாவது தாண்ட முடியாது. ஒம்பதோட நிறுத்திக்க."

அம்மா பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். ரயிலடியில் கூடை வைத்துக் கருவாடு விற்றாள். அவளுக்குக் கெஞ்ச வராது.

"புக்கு இருந்தா வெச்சிக்குவியா சார்?"

"இருந்தா பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா இன்னா அர்த்தம்? வெச்சிக்குவியா, மாட்டியா?"

"என் முன்னாடி படிச்சுக் காட்டட்டும். பரீட்சைக்குப் பேர் அனுப்பறேன்."

அந்த நேரத்தில் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனி நல்ல காரியம் செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக் கொடியில் காயும் துணியில் கரித்தூளைக் கொட்டுகிற அதே கம்பெனிதான். தலைமையாசிரியர் என்னைச் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை பிரெய்லில் குத்தித் தருவது என்று முடிவாயிற்று. கண் தெரிந்தவர்கள் பிரெய்லில் பெயர்த்து எழுதக் கற்றுக்கொள்ள ஒரு கையேடு உண்டு. அதை எங்கிருந்தோ வரவழைத்தார்கள். ஆபீசில் வேலை செய்யும் இருபது பேர், சாப்பாட்டு நேரத்தில், இரண்டு மாதம் குத்தினார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் வரவில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து, இதைத் தொட்டுப் பார் என்று சொல்லவில்லை. கம்பெனி கேட்டிலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம்தான்.

நேராக விழா வைத்துவிட்டார்கள். மேனேஜர் பேசினார். என்னை "பாப்பா" என்றார். எனக்கு அப்போது பதினைந்து வயது. பிறகு புத்தகத்தை என் முன்னால் நகர்த்தினார்கள். நூற்று எண்பத்தாறு தாள். ஒவ்வொரு தாளையும் சோதித்து மூலையில் "ஓகே" என்று ரப்பர் முத்திரை வைத்திருப்பதாக ஷீலா மேடம் சொன்னார். முத்திரை மை என் விரலுக்குத் தட்டுப்படாது.

விரலை வைத்தேன். புள்ளிகள் ஒரே உயரம், ஒரே இடைவெளி. அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் ஒரு சொல்கூட வரவில்லை. மூன்று வரி தடவினேன். நான்கு வருடம் தொடாமல் இருந்ததில் எனக்குத்தான் மறந்துவிட்டதோ என்று வேர்த்தது.

அப்புறம் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தொட்டேன். புரிந்துவிட்டது.

கையால் பிரெய்ல் எழுதுவதென்றால், துளைச் சட்டத்துக்குள் தாளை வைத்து ஊசியால் குத்த வேண்டும். குத்துகிற பக்கம் குழி விழும், மறுபக்கம் மேடு எழும். படிப்பது மேட்டை. அதனால் குத்தும்போது வலமிருந்து இடமாகப் போக வேண்டும்; ஒவ்வொரு எழுத்தின் புள்ளியையும் இடம் வலம் மாற்றிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். விடுதியில் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது இதுதான். இவர்கள் நோட்டில் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாகக் குத்தித் தள்ளியிருந்தார்கள். குழிப் பக்கம் எழுத்து சரியாக இருந்தது. விரல் படிக்கிற மேட்டுப் பக்கம், வலது காலுக்கு இடது செருப்பு மாதிரி இருந்தது. முழுப் புத்தகமும்.

"சார், இது மாத்திக் குத்திக்கீது," என்றேன். "குழிப் பக்கந்தான் எழுத்து ஒழுங்கா கீது."

மேனேஜர் சிரித்தார். "பாப்பா, ஒவ்வொரு ஷீட்டையும் மூணு பேர் செக் பண்ணியிருக்கோம்."

"இன்னாத்தப் பாத்து செக் பண்ணீங்க?"

"கையேட்டுல வந்த எழுத்து கார்டைப் பார்த்துத்தான்."

"குழியப் போய் யாராவது படிப்பாங்களா கஸ்தூரி?" என்றார் தலைமையாசிரியர். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இந்தப் பெண்ணுக்குப் படிக்க வராது என்று தான் நினைத்தது சரியாகப் போன நிம்மதி.

"மேடம், பொண்ணு புக்கைத் தப்பாப் புடிச்சிக்கினு கீது. திருப்பி வைங்க, சீல் தெரியணும்," என்றார் போட்டோக்காரர்.

மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரக் கை. எண்ணெய் போகவில்லை. என் விரல்களை அவரே தாளின் மேல் இழுத்தார், மேசை துடைக்கிற மாதிரி. "இப்படியே படி பாப்பா. கொஞ்சம் சிரி."

"வருதா, வரலியா?" என்றார் தலைமையாசிரியர். "எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

அம்மா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. கனத்த கூடையைத் தலைக்கு ஏற்றும்போது அப்படி விடுவாள்.

அந்தக் கோடையில் ரேவதி தன் அக்காவின் பழைய புத்தகத்திலிருந்து அறிவியல் முதல் பாடத்தை எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அதை ஒப்பித்தேன். உயிருள்ளவை எல்லாம் செல்லால் ஆனவை என்று ஆரம்பித்து, விரலை வரி வரியாக நகர்த்தினேன். வரி முடிகிற இடத்தில் நிறுத்தினேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே திக்கினேன். கை தட்டினார்கள். மேனேஜர் என் தலையைத் தடவினார். கை தட்டலுக்கு நடுவில் ரேவதி என் காதோரம் வந்து, "கேடிடி நீ," என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "குழி, மேடுன்னு இன்னாமோ சொன்னியே, அது பொய்யா?"

"அது நெசம்."

"அப்ப படிச்சது?"

"அதான் பொய்."

"பேரு அனுப்புவான் இல்ல?"

"அனுப்புவாரு."

"அப்ப வாய மூடிக்கினு வா."

வீட்டில் உட்கார்ந்து, விழாவில் என் விரல் ஓடிய அந்தத் தாளின் குழிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பொருளடக்கம். பாடங்களின் பெயரும் பக்க எண்ணும் மட்டும். அதன் மேல்தான் நான் செல்லைப் பற்றி அத்தனை நேரம் படித்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து ஷீலா மேடம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் ஒரு தாள் இருந்தது.

"கையேட்டுல ரெண்டு அட்டை இருந்துச்சு கஸ்தூரி. படிக்கிற பக்கம்னு ஒண்ணு, குத்துற பக்கம்னு ஒண்ணு. அதே எழுத்து, அதே ஆறு புள்ளி. எங்க ஃபேக்டரில ஒரு வேலைக்கு ஒரு டிராயிங்தான். ரெண்டு இருந்தா ஆளுக்கு ஒண்ணைப் பார்த்து வேலையக் கெடுத்துருவாங்க. அதனால ரெண்டாவதுல டூப்ளிகேட்னு சீல் போட்டு நாந்தான் எடுத்து வெச்சேன். மொதல் அட்டையத்தான் லேமினேஷன் பண்ணி எல்லாருக்கும் குடுத்தோம்."

குத்தியவர்களும் அந்த அட்டையைப் பார்த்தார்கள், சோதித்தவர்களும் அதே அட்டையைப் பார்த்தார்கள். குத்திய பக்கத்தைப் பார்த்தே சோதித்திருக்கிறார்கள். அட்டையும் தாளும் பொருந்தின. தாளைத் திருப்பி மேட்டுப் பக்கத்தில் முத்திரை வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவது அட்டையை என் கையில் கொடுத்தார். தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. புள்ளியெல்லாம் மையில் அச்சடித்தது. பிரெய்ல் சொல்லித் தருகிற அட்டையில் எனக்குத் தட்டுப்பட ஒரு புள்ளிகூட இல்லை.

"மறுபடி குத்திக் குடுங்க மேடம்."

"நீ படிச்சியேம்மா. எல்லாரும் பார்த்தாங்க. போட்டோ வேற போட்டாச்சு. இப்பப் போய் தப்புன்னா மேல இருக்கறவங்க..." முடிக்கவில்லை. அம்மா கொடுத்த நெத்திலிக் கருவாட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அவரைத் திட்டி என்ன. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால், அந்தப் புத்தகம் உதவாது என்று அன்றே எல்லார் முன்னாலும் தெரிந்திருக்கும். பரீட்சைக்குப் பேர் போகட்டும் என்று நான் சொன்ன பொய்தான் அந்தப் புத்தகத்துக்கு வைத்த கடைசி "ஓகே". மேனேஜரின் ஈரக் கையை நினைத்தால் வருகிற அருவருப்பு, என் விரலை நினைத்தாலும் வரும்.

பேர் போயிற்று. பத்தாவதில் உட்கார்ந்தேன். ரேவதி தமிழ் படித்துக் காட்டினாள், கணக்கு, சமூக அறிவியல் எல்லாம் படித்துக் காட்டினாள். அறிவியல் கேட்டால் மட்டும், நான் ஒப்பித்தது தெரிந்திருந்தும், "உனுக்கின்னாடி, கம்பெனியே புக்கு போட்டுக் குட்துகீது. எனுக்குத் தொண்ட வலிக்குது," என்பாள். வாத்தியாரிடம் போனாலும் அதே பதில்தான், "உனக்குத்தான் தனிப் புத்தகம் இருக்கே." அவருக்கு அது குறையாக இருந்தது, மற்ற பிள்ளைகளுக்கு இல்லையே என்று.

குழியைப் படித்தேன். விரல் மேட்டுக்குப் பழகியது, குழியில் வழுக்கும். சுண்டுவிரல் நுனியை அழுத்தி ஒவ்வொரு புள்ளியாகத் தேட வேண்டும். பத்து வரிக்குள் விரல் மரத்துவிடும். அரிசி களைந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி தேடுவேன். ஒரு தாளுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். நானே திருப்பிக் குத்தலாம் என்றால் தடித்த தாள் வேண்டும். அது கம்பெனியில் இருந்தது. பரீட்சை வருவதற்குள் நாற்பத்து மூன்று தாள் முடித்தேன். பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளைக் கொடுத்தார்கள். அறிவியலில் பாதி நேரம் அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுபடி எழுதலாம் என்றார்கள். எந்தப் புத்தகத்தை வைத்து? தலைமையாசிரியர் பலகையை அழிக்க வேண்டியதாயிற்று. என்னைப் பார்த்தால் பேசமாட்டார்.

இப்போது சின்னப் பட்டறை ஒன்றில் வாஷர் எண்ணிப் பாக்கெட் போடுகிறேன். பாக்கெட்டுக்கு ஐம்பது. விரல் தப்பாது. வளைந்த வாஷர் வந்தால் ஒதுக்கி வைப்பேன். என் பாக்கெட்டை யாரும் திரும்ப எண்ணுவதில்லை. அந்தக் கம்பெனி பேர் மாறிவிட்டது. ஷீலா மேடம் எங்கே என்று தெரியாது. ரேவதி கல்யாணமாகி அத்திப்பட்டில் இருக்கிறாள். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு போனே பாடத்தைப் படித்துக் காட்டுகிறது. ஊசியும் சட்டமும் நான் சொன்னால்தான் பக்கத்தில் வேலை செய்கிற பெண்களுக்குத் தெரியும்.

புத்தகத்தை அம்மாதான் தீர்த்தாள். தடித்த தாள், கருவாட்டு ஈரத்துக்குச் சீக்கிரம் கிழியாது. கூடைக்கு அடியில் போட்டாள், பொட்டலம் கட்டினாள். ரயிலடியில் வாங்கினவர்கள் என் பாடங்களை நெத்திலியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். போன மாதம் வீடு மாற்றும்போது பரண் மேலிருந்து மிச்சத் தாள்கள் விழுந்தன. கரப்பான் முட்டை ஒட்டி, உப்பு பூத்து, நாற்றம். தொட்டேன். குழியும் இல்லை, மேடும் இல்லை, அழுந்திச் சப்பையாகிவிட்டது. குப்பையில் போடச் சொல்லிவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினேன்.

மதிப்பெண் தாளை மட்டும் அம்மா பெட்டியில் வைத்திருக்கிறாள். அதுவும் வழுவழு காகிதம்தான், தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் மனப்பாடம். பாசாக முப்பத்தைந்து வேண்டும். காதால் கேட்டுப் படித்த தமிழ் எழுபத்தொன்று, ஆங்கிலம் நாற்பத்திரண்டு, கணக்கு ஐம்பது, சமூக அறிவியல் அறுபத்து நான்கு. புத்தகம் வைத்துப் படித்த அறிவியல் இருபத்தொன்பது.